கிலோ ஏன் குறைந்தது? மலையகக் கணினி மாணவரும் செயற்கை நுண்ணறிவும்

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் இலங்கை மலையகத்தின் நல்லதண்ணி மாணவி ஒருத்தி, பைத்தனில் தன் ஊர்ப் பெயரை எழுதி அதற்கு எத்தனை எழுத்து என்று கேட்டால் 9 என்று விடை வரும். அரிச்சுவடி படிக்கும் தம்பியைக் கேட்டால் ந, ல், ல, த, ண், ணி என்று விரல்விட்டு எண்ணி 6 என்பான். யூனிகோட் முறையில் மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனித்தனி இடம் பிடிக்கின்றன. இரண்டு புள்ளி, ஓர் இகரக் குறி என மூன்று கூடிவிடுவதால்தான் அந்த ஒன்பது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் ஊர்ப் பெயர் 27 பைட் ஆகிறது. அதே பெயரை ஆங்கிலத்தில் பதினொரு எழுத்தாக எழுதினால் 11 பைட்டில் முடிந்துவிடும். முத்து அண்ணாமலை முதலானோர் உருவாக்கிய ‘ஓப்பன் தமிழ்’ என்ற திறமூல நிரலகத்தைச் சேர்த்துக்கொண்டால் கணினியும் ஆறு என்றே எண்ணும். அப்படி ஒன்று இருக்கிறது, அதைத் தேடிச் சேர்க்க வேண்டும் என்று யாருக்காவது தோன்ற வேண்டும்.

இந்த எண்ணிக்கைக்குப் பின்னால் காசும் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள் வாக்கியத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துத்தான் படிக்கின்றன; அவற்றைத் தம் மென்பொருளில் இணைத்துப் பயன்படுத்துவோரிடம் துண்டுக் கணக்கில்தான் கட்டணம் வாங்கப்படுகிறது. 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-4ஓ மாதிரியை வெளியிட்டபோது ஓர் ஒப்பீட்டையும் தந்தது. ஒரே செய்தி பழைய முறையில் ஆங்கிலத்தில் 27 துண்டாகவும் தமிழில் 116 துண்டாகவும் உடைந்திருந்தது. புதிய முறையில் ஆங்கிலம் 24, தமிழ் 35. இடைவெளி பெருமளவு சுருங்கிவிட்டது, ஆனால் மறையவில்லை. தமிழில் மென்பொருள் செய்யப் போகிற ஒரு மாணவி இதை முதலாம் வருடத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். எந்த மாதிரியைத் தெரிவுசெய்வது, எவ்வளவு செலவாகும், எங்கே பிழை வரும் என்ற மூன்று கேள்விகளும் இதில்தான் தொடங்குகின்றன.

அந்த மாணவியின் ஊருக்கு வருவோம். மஸ்கெலியாவிலிருந்து மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தை ஒட்டிப் போகும் சாலை நல்லதண்ணியில் முடிகிறது. அதற்கு மேல் 2,243 மீட்டர் உயரச் சிவனொளிபாத மலைக்குப் படிகள்தான். டிசம்பர் பௌர்ணமி தொடங்கி வெசாக் வரை யாத்திரைக் காலம். கடைகளும் தங்குமிடங்களும் இரவெல்லாம் விழித்திருக்கும். மற்ற மாதங்களில் ஊரைச் சுற்றித் தேயிலையும் மழையும். தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் வந்து 200 ஆண்டு ஆனதை மலையகத் தமிழர் 2023இல் நினைவுகூர்ந்தார்கள். தோட்டப் பாடசாலைகள் அரச கைக்கு வந்ததோ 1970களில்தான். அதற்கு முன் பெரும்பாலான தோட்டப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போய்க் கணினி படிக்கிற பிள்ளை பல வீடுகளில் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக இருப்பது இதனால்தான்.

இலங்கையின் பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீத இடம் நாடளாவிய திறமைக்கும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. அந்தப் பதினாறில் நுவரெலியாவும் ஒன்று. இப்படி உள்ளே போகிற பிள்ளை, உயர்தரம்வரை தமிழில் படித்த கணினியைத் திடீரென ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருக்கிறது. மூன்றாம், நான்காம் வருடத்தில் கொழும்பு மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பயிலுநர் இடம் கிடைக்கும். அங்கே முதலில் தரப்படும் வேலை ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான்: சின்னப் பிழை திருத்துவது, சோதனைகள் எழுதுவது, இருக்கிற திரையில் ஒரு பொத்தானைச் சேர்ப்பது. இந்த வேலைகளைச் செய்துகொண்டே பெரிய நிரல் ஒன்றை எப்படிப் படிப்பது, மூத்தவரிடம் எதைக் கேட்பது, வாடிக்கையாளர் சொன்னதும் சொல்லாததும் எது என்று பிள்ளை பழகுகிறது. ஏணியின் முதல் படி அது.

இப்போது ஆட்டம் கண்டிருப்பதும் அந்தப் படிதான்.

ஸ்டான்ஃபோர்டின் எரிக் பிரைன்யோல்ஃப்சனும் அவர் சகாக்களும் அமெரிக்கச் சம்பளப் பதிவேடுகளை ஆராய்ந்து 2025 ஆகஸ்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 22 முதல் 25 வயதுவரையான மென்பொருள் உருவாக்குநரின் வேலை எண்ணிக்கை, 2022 இறுதியில் இருந்த உச்சத்தோடு ஒப்பிட்டால் 2025 ஜூலையில் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. அதே துறையில் வயதில் மூத்தவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. இது அமெரிக்கக் கணக்கு. வட்டி விகிதம் முதலான வேறு காரணங்களும் உண்டென்று வாதிடுவோர் இருக்கிறார்கள். ஆயினும் கொழும்பு நிறுவனங்களின் வாடிக்கையாளர் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்கள். அங்கே மாறும் பழக்கம் இங்கே வந்து சேரக் கப்பல் தேவையில்லை.

தொடக்க நிலை நிரல் எழுதுவதில் இயந்திரத்தின் திறமை சாட்ஜிபிடிக்கு முன்பே தெரிந்துவிட்ட விஷயம். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடச் செய்நிரலாக்கப் பரீட்சை வினாக்களை ஆய்வாளர்கள் கோடெக்ஸ் என்ற நிரல் எழுதும் மாதிரிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதே பரீட்சை எழுதிய மாணவர்களோடு சேர்த்து வரிசைப்படுத்தினால் 71 பேரில் 17ஆவது இடம். அந்தக் கட்டுரை 2022 தொடக்கத்தில் வந்தது. சாட்ஜிபிடி வந்தது அந்த ஆண்டு நவம்பர் 30இல்.

ஆனால் அனுபவமுள்ளவர்களின் கையில் இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பது வேறு கதை. மெட்டர் என்ற ஆய்வமைப்பு 2025இல், தாங்களே பல வருடம் வளர்த்த திறமூல நிரல்களில் வேலை செய்யும் 16 பேரிடம் 246 பணிகளைக் கொடுத்தது. சில பணிகளில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாம், சிலவற்றில் கூடாது என்பது ஏற்பாடு. கருவியோடு செய்த பணிகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. எல்லாம் முடிந்த பிறகும் அவர்கள் தமக்கு 20 சதவீதம் நேரம் மிச்சமானதாக நம்பினார்கள். கருவிகள் மாறிக்கொண்டே இருப்பதால் அந்த 19 நாளைக்கு வேறு எண் ஆகலாம். கவலைப்பட வேண்டியது உணர்வுக்கும் அளவுக்கும் இடையே விழுந்த அந்தப் பள்ளத்தைப் பற்றி. தேர்ந்தவர்களுக்கே இப்படி என்றால், சரி எது பிழை எது என்று இன்னும் கற்றுக்கொண்டிருக்கிற பத்தொன்பது வயதுப் பிள்ளை எதை வைத்துத் தன் முன்னேற்றத்தை அளக்கும்?

உலகின் கணினிக் கல்வியாளர்கள் இதற்கு விடை தேடாமல் இல்லை. ஏசிஎம், ஐஇஇஇ கணினிச் சங்கம், ஏஏஏஐ ஆகிய மூன்று அமைப்புகளும் சேர்ந்து வகுத்த 2023 பாடத்திட்ட வழிகாட்டி, செயற்கை நுண்ணறிவுக்குரிய பகுதியை விரித்தது. சமூகம், அறம், தொழில் ஆகியவற்றைத் தனி அறிவுப்புலமாக வைத்தது. கணிதத்தின் பங்கையும் கூட்டியது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் லியோ போர்ட்டர், டேனியல் சிங்காரோவுடன் சேர்ந்து எழுதிய நூலை வைத்து, முதல் வகுப்பிலிருந்தே கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியோடு செய்நிரல் கற்பித்தார். அங்கே வரி வரியாக எழுதும் பயிற்சி குறைந்தது. பெரிய சிக்கலைச் சிறிதாகப் பிரிப்பது, பிறர் எழுதிய நிரலைப் படிப்பது, சோதித்துப் பார்ப்பது ஆகிய மூன்றும் கூடின. ஹார்வர்டின் சிஎஸ்50 பாடத்துக்கென 2023இல் செய்த உதவியாளர் விடையை நீட்டுவதில்லை. கேள்வி கேட்டு மாணவரை விடையை நோக்கி நடத்துகிறது.

இவை நல்ல முயற்சிகள். ஆனால் அப்படியே எடுத்து ஹட்டனிலோ பதுளையிலோ வைத்தால் போதாது. கணிதம் கூட வேண்டும் என்று சொல்வது சுலபம். மலையகப் பாடசாலைகளில் நெடுங்காலமாக ஆள் கிடைக்காத பாடங்களில் கணிதமும் விஞ்ஞானமும்தான் முன்னால் நிற்கின்றன. நிகழ்தகவும் புள்ளிவிபரமும் அணியும் புரியாத பிள்ளைக்குச் செயற்கை நுண்ணறிவு என்பது பெட்டிக்குள் நடக்கிற ஏதோவொன்று. ஆகவே மலையகத்தில் இந்தத் துறைக்கான ஆயத்தம் பத்தாம் ஆண்டுக் கணித வகுப்பில் தொடங்குகிறது. மடிக்கணினி வழங்கும் விழாக்களுக்குக் கிடைக்கிற படமும் செய்தியும் ஒரு கணித ஆசிரியர் நியமனத்துக்குக் கிடைப்பதில்லை. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் ஆசிரியரையே கேட்க வேண்டும்.

கணிதத்துக்கு அடுத்ததாக, வெளியூர்ப் பாடத்திட்டம் எதிலும் இல்லாத ஒன்று மலையக மாணவரிடம் இருக்கிறது. தோட்டம் எப்படி நடக்கிறது என்ற அறிவு அது. அதன் மதிப்பு புரிய ஒரு சின்னக் கணக்கைக் கிட்ட வைத்துப் பார்க்கலாம்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் இப்போது பல தோட்டங்களில் மின்னணுத் தராசு வந்துவிட்டது. ஒவ்வொருவரின் கிலோவும் நாள்தோறும் கணினிக்குப் போகிறது. அந்தத் தரவைக் கொண்டு ‘நாளொன்றுக்குச் சராசரி எவ்வளவு கொழுந்து எடுக்கிறார்கள் என்று கணக்கிட்டு, 18 கிலோவுக்குக் குறைந்தவர்களைப் பட்டியலிடு’ என்று செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் அரை நிமிடத்தில் சுத்தமான பைத்தன் நிரல் வரும். ஓடும். பட்டியலும் தரும். எடுத்துக்காட்டாக ஒரு பெண் அந்த மாதம் 24 நாள் வேலைக்கு வந்தார், மொத்தம் 396 கிலோ எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். 396ஐ 24ஆல் வகுத்தால் 16.5, பெயர் பட்டியலில் ஏறிவிடும். ஆனால் 24 நாளில் 6 நாள் அவரைப் புல்வெட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கொழுந்து எடுத்தது 18 நாள்தான். 396ஐ 18ஆல் வகுத்தால் 22. அவர் எல்லைக்கு நாலு கிலோ மேலே.

நிரலில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. வகுக்க எந்த எண்ணை எடுப்பது என்பதில்தான் பிழை. வருகைப் பதிவில் வந்த நாளெல்லாம் கொழுந்து நாள் அல்ல என்பது தோட்டத்தில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். அம்மா எந்த நாள் கூடையோடு போனார், எந்த நாள் போகவில்லை என்று பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாம். ஒரு மலையில் விதைத் தேயிலை, அடுத்த மலையில் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய டிஆர்ஐ 2025 போன்ற, வெட்டுத்துண்டிலிருந்து வளர்க்கும் வீபி இனம். இரண்டிலும் ஒரே கை ஒரே வேகத்தில் எடுத்தாலும் கிலோ ஒன்றாக வராது. கவ்வாத்து வெட்டி எத்தனை வருடம் என்பது பார்க்க வேண்டும். கடைசியாகக் கொழுந்தெடுத்து ஏழு நாளா, பன்னிரண்டு நாளா என்பதும் பார்க்க வேண்டும். மஸ்கெலியாப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை குளிரும் வறட்சியுமாக இருக்கும். அப்போது கொழுந்து குறையும், தேநீரின் தரமும் விலையும் ஏறும். இதையெல்லாம் சேர்க்காத ஒரு மாதிரி, பெப்ரவரியில் மலையின் மெத்தனத்தை மனுஷியின் மெத்தனமாக எழுதிவைக்கும். நாட்சம்பளத்தை 2021இல் ஆயிரம் ரூபாவுக்கும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவுக்கும் உயர்த்துவதற்கு எத்தனை போராட்டம், எத்தனை பேச்சுவார்த்தை என்று கண்டவர்களுக்கு, ஒரு நாட்பேர், அதாவது முழு நாட்கூலி, அரைப்பேராகக் குறைவது என்னவென்று விளக்கத் தேவையில்லை.

ஊரைப் பற்றிய இந்த அறிவையும் கணினிப் படிப்பையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவதுதான் இனி நடக்க வேண்டிய வேலை. அதற்கான நிறுவனங்கள் தூரத்தில் இல்லை. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென்கூம்ஸில் இருக்கிறது. பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழினுட்பத்துக்கும் கணினி விஞ்ஞானத்துக்கும் தனித்தனிப் பட்டங்கள் உண்டு. ஒரே வளாகத்தில் இரண்டு வகுப்பு நடக்கும்போது இறுதியாண்டுச் செயற்றிட்டத்தை இரு பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து செய்யலாம். சம்பளச் சீட்டைத் தமிழில் படித்துச் சொல்லும் கைப்பேசிச் செயலி, கொழுந்து வரத்தை மழையோடு சேர்த்து முன்கூட்டிச் சொல்லும் கணிப்பு, தேயிலை இலையில் கொப்புள நோயைப் படத்திலிருந்து கண்டறியும் மாதிரி என்று எடுத்துக்கொள்ள விஷயம் ஏராளம். உலகின் எந்த மாணவரும் செய்கிற இன்னொரு உணவு விநியோகச் செயலியைவிட இவற்றில் ஒன்று, நேர்முகத் தேர்வில் அந்தப் பிள்ளையை நிமிர்ந்து உட்காரவைக்கும்.

செயற்கை நுண்ணறிவு தேவைப்படாத இடத்தை அடையாளம் காண்பதும் படிப்பின் பகுதிதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு முன்னெச்சரிக்கை விட மழையின் அளவைப் பார்க்கிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் கடந்தால் விழிப்பு, 100 கடந்தால் எச்சரிக்கை, 150 கடந்தால் வெளியேற்றம். மூன்று எண், மூன்று நிபந்தனை. பதினொராம் ஆண்டில் பஸ்கால் படித்த பிள்ளையே எழுதிவிடக்கூடிய செய்நிரல். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டைப் புரட்டிப்போட்டதையும் அறிந்த மாணவர்கள் இதை அலட்சியமாக எடுக்கமாட்டார்கள். அந்த மூன்று எண்ணும் எந்த மழைமானியிலிருந்து வருகிறது, கடைசி லயத்துக்கு எந்த மொழியில், எந்த வழியில், இரவு எத்தனை மணிக்குச் செய்தி போகிறது என்பவையே கடினமான கேள்விகள். சரிவுகளின் படங்களிலிருந்து ஆபத்தான இடங்களை வகைப்படுத்த இயந்திரக் கற்றல் உதவும். எச்சரிக்கை மணியை அடிக்க அது வேண்டியதில்லை.

வகுப்பறைக்குள் என்ன மாற வேண்டும் என்று கேட்டால், பரீட்சையிலிருந்து தொடங்குவது நல்லது. இலங்கையில் பரீட்சை எதைக் கேட்கிறதோ அதுதான் படிக்கப்படும். உயர்தரப் பாடத்திட்டத்தில் செயற்கை நுண்ணறிவு, புதிய போக்குகள் என்ற அலகில் பின்வரிசையில் இருந்தது. அதற்கு வரைவிலக்கணம் மனப்பாடம் செய்தால் புள்ளி கிடைத்துவிடும். கல்வி அமைச்சு 2024இல் மைக்ரோசாஃப்டுடன் சேர்ந்து தெரிவுசெய்த பாடசாலைகளில் எட்டாம் ஆண்டிலிருந்து செயற்கை நுண்ணறிவைப் பரீட்சார்த்தமாகக் கற்பிக்க முன்வந்தது வரவேற்க வேண்டிய படி. அந்தப் பட்டியல் நீளும்போது மஸ்கெலியா, பொகவந்தலாவை, லிந்துலைப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலைகள் கடைசியில் வரக்கூடாது. கணினி எழுத்தறிவுக் கணக்கெடுப்பை நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்து வெளியிடும் தொகைமதிப்புத் திணைக்களத்தின் அட்டவணைகளில் தோட்டத்துறை எப்போதும் கடைசி வரிசையில் இருக்கிறது.

பரீட்சையில் கேட்கக்கூடியது இப்படி இருக்கலாம்: மேலே சொன்ன கொழுந்துக் கணக்கு நிரலை அச்சிட்டுக் கொடுத்து, இதன் விடை யாருக்கு அநீதி செய்யும், ஏன், எந்த வரியை மாற்றுவாய் என்று கேட்பது. மனப்பாடம் உதவாது. பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் பத்து நிமிட வாய்மொழித் தேர்வு (வைவா) வைக்கலாம். எழுதியது யார், எந்தக் கருவி என்பது பிறகு, விளங்கியிருக்கிறதா என்பது முன்னால். முதல் பருவத்தில் கருவியில்லாமல் கையால் எழுதிப் பழகுவதும், இரண்டாம் பருவத்திலிருந்து கருவியோடு எழுதி ஒவ்வொரு இடத்திலும் அதன் விடையை எப்படிச் சோதித்தேன் என்று குறிப்பெழுதுவதும் நல்ல ஒழுங்கு. விரிவுரையாளருக்கு வேலை கூடும் என்பது உண்மை. அதற்கு ஆள் சேர்க்காமல் இதைச் செய்யச் சொல்வது நியாயமில்லை.

பல்கலைக்கழகத்தில் எதிர்ப்படும் ஆங்கிலச் சுவரைத் தாண்டவும் இயந்திரம் கைகொடுக்கும். முதலாம் வருடத்தில் ஆங்கில விரிவுரை விளங்காமல் பின்வரிசையில் மௌனமாக இருந்த மலையகப் பிள்ளைகள் எத்தனையோ பேர். பாடத்தைத் தமிழில் விளக்கு, எனக்கு விளங்கிய மாதிரி ஆங்கிலத்தில் எழுதுகிறேன், பிழை சொல் என்று இரவு பதினொரு மணிக்குக் கேட்கக்கூடிய துணை அவர்களுக்கு முன்பு இருந்ததில்லை. கூச்சப்பட வேண்டியதில்லை, கேள்வி சின்னதென்று யாரும் சிரிக்கமாட்டார்கள். அதே துணையிடம் ஒப்படையை முழுதாக எழுதி வாங்கினால் அந்த ஆங்கிலம் கடைசிவரை வராது. எந்தப் பிள்ளை எப்படிப் பயன்படுத்துகிறது என்பதைத் தீர்மானிப்பதில் நல்ல ஆசிரியர் ஒருவரின் பேச்சு எந்தத் தடையுத்தரவையும்விட அதிகம் செய்யும்.

தமிழ் மொழி சார்ந்த வேலைகளும் இந்த மாணவருக்குத் திறந்திருக்கின்றன. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2023இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு மாதிரி இந்தியாவின் 22 அட்டவணை மொழிகளையும் கையாள்கிறது. தமிழும் அதில் உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அரச ஆவணங்களைச் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையே மொழிபெயர்க்கும் ‘சி-த’ (Si-Ta) முறைமையை உருவாக்கினார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சர்வேஸ்வரன் தமிழ்ச் சொல்லின் உறுப்புகளைப் பகுக்கும் ‘தமிழி’ கருவிகளைச் செய்தார். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் சேர்த்துவருகிறது. மலையக வெளியீடுகளும் அங்கே இருக்கின்றன. இவ்வளவு இருந்தும், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்திலும் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் பேசுகிற தமிழ் இணையத்தில் மிகக் குறைவாகவே எழுத்தில் இருக்கிறது. அந்தக் குரல்களை உரியவர் சம்மதத்தோடு பதிவு செய்து, எழுத்தாக்கி, கூலி கொடுத்துச் சரிபார்க்கும் வேலை ஒரு பட்டதாரிக் குழுவுக்கு மூன்று வருடச் சோறு போடும்.

சம்மதம் என்ற சொல்லுக்குச் சட்டமும் துணையிருக்கிறது. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதத்தோடு நிற்காமல், முழுக்க இயந்திரமே எடுத்த முடிவு ஒருவரைப் பாதித்தால் அதை மீளாய்வு செய்யும்படி கோரும் உரிமையை எழுதிவைத்திருக்கிறது. 16.5 என்று பட்டியலில் ஏறிய அந்தப் பெண் நாளைக்கு அப்படியொரு மனு கொடுக்க நேரலாம். தோட்ட அலுவலகத்தில் அந்த மனுவுக்குப் பதில் சொல்ல, எந்தத் தரவு போனது, எந்த எண்ணால் வகுத்தது, புல்வெட்டு நாள் ஏன் கழிக்கப்படவில்லை என்று தமிழில் எடுத்துச் சொல்லக்கூடிய ஒருவர் வேண்டும். பெருந்தோட்டக் கம்பனிக்கும் அப்படி ஒருவர் வேண்டும், தொழிற்சங்கத்துக்கும் வேண்டும், தொழில் திணைக்களத்துக்கும் வேண்டும். ஊவா வெல்லஸ்ஸவிலும் மொறட்டுவையிலும் இப்போது இரண்டாம் வருடத்தில் இருக்கிற மலையகப் பிள்ளைகள் அந்த நாற்காலிகளுக்கு விண்ணப்பிக்கக்கூடிய வயதில் இருக்கிறார்கள்.